விமானப் பயிற்சி மென்பொருள்: மூல நிரலைப் பொதுவாக்கலாமா?

(மத்திய அரசின் இளநிலை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கருத்துகள் உரையாளருடையவை.)



வணிகமுறையில் விற்கப்படும் ஒரு ஃபிளைட் சிமுலேட்டரின் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. பொருளாதாரம் படித்து, கோப்புகளோடு காலம் கழித்த ஒருவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். விமானத்தை ஓட்டுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு பொருளை ஆக்கும் செலவை யார் ஏற்பது, ஆக்கியவர் அதைக் கைவிட்ட பின் அதை நம்பியிருந்தவர்களின் கதி என்ன, இதில் அரசுக்கு வேலை உண்டா என்பவையே நான் ஆராய விரும்பும் வினாக்கள். வினாக்கள் பழையவை, பொருள்தான் புதியது.

சிமுலேட்டர் என்பது விமானத்தின் போக்கைத் தரையிலேயே நிகழ்த்திக் காட்டும் சாதனம். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில் ஆர்கனும் பியானோவும் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்குரிய துருத்திகளைக் கொண்டே 1929ஆம் ஆண்டில் தம் பயிற்சிப் பெட்டியை அமைத்தார். தொடக்கத்தில் அதைப் பயிற்சிக்கென வாங்குவோர் அரியர். பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் அது விலைபோயிற்று. 1934இல் அமெரிக்க ராணுவ விமானப் படை அஞ்சல் சுமக்கும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத விமானிகள் அடுத்தடுத்து மாண்ட பிறகே, ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. ஒரே சாதனம் விளையாட்டுப் பொருளாகவும் உயிர் காக்கும் கருவியாகவும் இருப்பது அன்று தொடங்கியதுதான்.

இன்று விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் முழுநிலைச் சிமுலேட்டர் உண்மையான விமானி அறையை அசையும் கால்கள் மேல் ஏற்றி வைத்ததற்கு ஒப்பானது. அதன் விலை கோடிகளில் கணக்கிடப்படுவது. வீட்டுக் கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளோ சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே மதிற்சுவர் எதுவும் இல்லை. எக்ஸ்-பிளேன் என்ற மென்பொருளை உரிய கைப்பிடி, மிதிகட்டை முதலியவற்றுடன் இணைத்து அமைத்த சாதனங்களுக்கு, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பயிற்சிக்கான ஒப்புதல் அளித்திருக்கிறது. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆணையிட்டது. இவற்றை ஓட்ட விரும்பும் ஓர் இளைஞனின் குடும்பம் உரிமம் பெறுவதற்கே பல லட்சம் ரூபாய் செலவிட வேண்டியிருக்கிறது. வானில் பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம். தரையில் மலிவாகவும் சரியாகவும் எவ்வளவு பழக முடிகிறது என்பது அக்குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று.

பொட்டலத்துள் என்ன இருக்கிறது?

மூல நிரல் என்பது கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளை மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதி வைத்தது. அதை இயந்திர மொழிக்கு மாற்றிய பின்னரே விற்பனைக்கு அனுப்புகிறார்கள். மிட்டாய்க் கடைக்காரர் அல்வாவை விற்கிறார். பாகின் பதத்தை விற்பதில்லை. திறமூல மென்பொருள் என்றால் பதத்தையும் சேர்த்தே கொடுத்து, நீங்கள் மாற்றிக் கிண்டிப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுத்துமூலம் உரிமை அளிப்பது.

சிமுலேட்டரைப் பொறுத்தவரை இந்த உவமை பாதி தூரம்தான் வரும். பொட்டலத்துள் ஒன்றல்ல, பல பொருள்கள் இருக்கின்றன. விமானத்தின் மீது ஒவ்வொரு கணமும் செயல்படும் விசைகளைக் கணக்கிடும் நிரல் ஒன்று. எக்ஸ்-பிளேன் இறக்கையைச் சிறுசிறு துண்டுகளாகப் பகுத்து ஒவ்வொன்றின் விசையையும் தனித்தனியே கணக்கிடுகிறது. வேறு சில மென்பொருள்கள் அளந்தெடுத்த எண்களின் அட்டவணையை நம்புகின்றன. அடுத்தது தரையின் தோற்றம். மைக்ரோசாப்ட் 2020இல் வெளியிட்ட புதிய ஃபிளைட் சிமுலேட்டரின் நிலக்காட்சிக்கு 2 பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட வரைபடத் தரவு பயன்படுகிறது. அது வாங்கியவர் வீட்டில் இல்லை. நிறுவனத்தின் கணிப்பொறி நிலையங்களிலிருந்து இணையம் வழியே வந்துகொண்டிருக்கிறது. நிரலை மட்டும் திறந்தால் அந்த நிலக்காட்சி கூடவே வந்துவிடாது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட விமானத்தின் உண்மையான நடத்தை பற்றிய அளவீடுகள். போயிங், ஏர்பஸ் போன்ற உற்பத்தியாளர்கள் அவற்றை ஒப்பந்தத்தின் பேரில்தான் தருகிறார்கள். சிமுலேட்டரை விற்பவரே விரும்பினாலும் அவற்றைப் பொதுவில் வைக்க அவருக்கு உரிமை கிடையாது.

இந்த வேறுபாட்டை உணராமல்தான் 'திறந்துவிடு' என்று ஒரு சாராரும் 'திறந்தால் அழிவு' என்று மறு சாராரும் வாதிடுகிறார்கள்.

ஆக்கும் செலவும் படியெடுக்கும் செலவும்

மாணவர்களுக்கு இது தெரிந்த பாடம். முதல் பிரதியை ஆக்கப் பெருஞ்செலவு. இரண்டாவது பிரதிக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதும் இல்லை. கூடுதல் பிரதியின் செலவுக்கு ஏற்ப விலை வைத்தால் முதல் பிரதியின் செலவு திரும்பாது. அதைத் திரும்பப் பெறும்படி விலை வைத்தால், பயன்பெறக்கூடிய பலர் வெளியே நிற்பார்கள். இந்த இடரைத் தீர்க்க அறிவுலகம் இதுவரை கண்ட வழிகள் இரண்டு: குறித்த காலத்துக்குத் தனியுரிமை தருவது, அல்லது பொதுப் பணத்தில் ஆக்குவது. மூன்றாவதாக வந்தது தன்னார்வலர் வழி.

முதல் வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு, சற்று முன் குறிப்பிட்ட எக்ஸ்-பிளேன். ஆஸ்டின் மேயர் என்ற பொறியாளர் 1995இல் வெளியிட்டது. ஒரு சிறிய நிறுவனம் விற்பனை வருவாயைக் கொண்டு 30 ஆண்டுகளாக அதைச் சீர்செய்துவருகிறது. நாளையே மூல நிரலைத் திறந்துவிடு என்று அவர்களிடம் சொன்னால், அடுத்த ஆண்டுச் சம்பளத்தை யார் தருவது என்று அவர்கள் கேட்பார்கள். நம்மிடம் நேர்மையான விடை இல்லை. அதே சமயம், அந்நிறுவனமே தனக்குப் பாதகமில்லாத பகுதிகளைத் திறந்து வைத்திருக்கிறது. நிலக்காட்சி அமைக்கும் கருவிகளின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. விமான நிலையங்களின் வடிவங்களைத் தன்னார்வலர்கள் வரைந்து அனுப்ப, அவற்றை எல்லோருக்கும் பகிர்கிறது. சாலைகளுக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தைப் பயன்படுத்துகிறது. எங்கு பலர் கூடினால் வேலை நடக்குமோ அங்கு கதவைத் திறந்து, எங்கு தன் பிழைப்பு இருக்கிறதோ அங்கு பூட்டியிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைக் கட்டாயத்தால் பெற முடியும் என்று நான் நம்பவில்லை.

பொருள் உயிரை விடும்போது என்ன நேர்கிறது என்பதுதான் சிக்கல்.

2009இல் நடந்தது

புரூஸ் ஆர்ட்விக் என்பவர் ஆக்கிய நிரலை மைக்ரோசாப்ட் உரிமம் பெற்று 1982இல் ஐ.பி.எம். கணிப்பொறிக்கு வெளியிட்டது. 2006இல் அதன் பத்தாம் பதிப்பான ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தது. அதைச் சுற்றி ஒரு சிறு தொழிலே வளர்ந்தது: விமான மாதிரிகள் செய்வோர், விமான நிலையங்கள் வரைவோர், கைப்பிடியும் கருவிப் பலகையும் செய்து விற்போர். 2009 ஜனவரியில் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது, இம்மென்பொருளை ஆக்கிய ஏசஸ் என்ற பிரிவை மூடிவிட்டது.

மூடியதைக் குறைகூறுவதற்கில்லை, இலாபம் கருதும் நிறுவனம் எதையும் மூடலாம். பின்விளைவைப் பாருங்கள். அம்மென்பொருள் 32 பிட் அமைப்பில் எழுதப்பட்டது. கணிப்பொறியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதனால் கையாள இயலாது. நுட்பமான விமான மாதிரியையும் பெரிய விமான நிலையத்தையும் சேர்த்து வைத்தால், இறங்கும் நேரத்தில் நினைவகம் தீர்ந்து மென்பொருள் நின்றுவிடும். பல மணி நேரம் பறந்து, ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்போது இது நேரும். குறை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்க்கும் திறமை உடையவர்களும் வெளியே இருந்தார்கள். மூல நிரல்தான் அவர்களிடம் இல்லை. நிரலின் உரிமத்தை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் 2009இல் பெற்று, பயிற்சிக்காக பிரிபேர்3டி என்ற பெயரில் வளர்த்தது. அதன் 64 பிட் பதிப்பு 2017இல்தான் வந்தது. பிரிவு மூடப்பட்டு 8 ஆண்டுகள் கழித்து, வேறொரு பொருளாக, வேறொரு விலையில்.

எதிர்வாதமும் வலுவானதே. 2020இல் பிரான்சின் அசோபோ நிறுவனத்தைக் கொண்டு மைக்ரோசாப்ட் புதிய பதிப்பை வெளியிட்டபோது, பழைய நிரலின் பகுதிகள் அதில் பயன்பட்டன. ஆகவே கைவிடப்பட்டதாக நாம் கருதியது உரிமையாளரின் பெட்டியில் இருந்த சொத்தாகவே இருந்தது. 2009இலேயே அதைப் பறித்திருந்தால் 2020இன் முதலீடு வந்திருக்குமா என்று கேட்டால், உறுதியாக 'ஆம்' என்று சொல்ல என்னால் இயலாது. கைவிடப்பட்டது எது என்று தீர்மானிப்பது எளிதன்று. சட்டம் எழுதுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தன்னார்வலர் வழி

ஃபிளைட்கியர் என்ற திறமூலச் சிமுலேட்டருக்கான முன்மொழிவு 1996இல் எழுந்தது. விலை இல்லை, மூல நிரல் முழுவதும் திறந்தது. பொருளாதார மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. தொடக்கத்தில் அதன் விசைக் கணக்கீட்டுக்கு அடிப்படையாக அமைந்தது, அமெரிக்க நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையத்தில் எழுதப்பட்ட லார்க்சிம் என்ற நிரல். மக்கள் வரிப்பணத்தில் ஆக்கியது பொதுவில் கிடைத்தது. தன்னார்வலர்கள் அதைக் கொண்டு தொடங்கினார்கள். பின்னர் ஜே.எஸ்.பி.சிம் என்ற மற்றொரு திறமூல நிரல் வளர்ந்தது. 2020இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்பா, கணிப்பொறி ஓட்டும் போர் விமானங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நடத்திய போட்டியில், எஃப்-16 விமானத்தின் போக்கைக் கணக்கிட்டது இந்த ஜே.எஸ்.பி.சிம்தான். அரசு விதைத்ததைத் தன்னார்வலர் வளர்க்க, அரசே மீண்டும் அறுவடை செய்த கதை இது.

ஆயினும் ஃபிளைட்கியரைப் பயன்படுத்திப் பார்ப்பவர்களுக்கு அதன் குறை உடனே புலப்படும். ஒரு விமான மாதிரி மிக நேர்த்தியாக இருக்கும். அடுத்தது அரைகுறையாக நிற்கும். தன்னார்வலர் தமக்குப் பிடித்ததைச் செய்கிறார்; பயனருக்கான கையேட்டைத் திருத்துவது எவருக்கும் பிடிப்பதில்லை. அலுவலகங்களிலும் இப்படித்தான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே அதற்குச் சம்பளமாவது தருகிறோம். தவிர, இதே மென்பொருளுக்கு வேறு பெயரிட்டு, இலவசமாகக் கிடைப்பதை மறைத்துச் சிலர் விற்றதும் உண்டு. உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. விவரமறியாதவர் ஏமாந்தார்.

மூல நிரல் தற்செயலாக வெளியேறிய நிகழ்ச்சியும் இருக்கிறது. 1998இல் வெளிவந்த ஃபால்கன் 4.0 என்ற போர் விமானச் சிமுலேட்டரின் பணியை உரிமையாளர் 1999 டிசம்பரில் நிறுத்தினார். 2000 ஏப்ரலில் அதன் நிரல் கசிந்தது. ஆர்வலர்கள் அதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செப்பனிட்டுவருகிறார்கள். அதன் பயனை மறுப்பார் இல்லை. ஆனால் களவில் பிறந்த பொருளின் மீது எந்த அரசு நிறுவனமும் பயிற்சியை அமைக்க முடியாது. இதற்கு நேர்மாறாக, முப்பரிமாணப் படங்கள் வரையும் பிளெண்டர் மென்பொருளின் நிறுவனம் 2002இல் முறிந்தபோது, அதை ஆக்கிய டோன் ரோசென்டால் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஏழே வாரங்களில் 1,00,000 யூரோ சேர்ந்தது. முதலீட்டாளர்களுக்கு அதைக் கொடுத்து நிரலை விடுவித்து, அவ்வாண்டு அக்டோபரில் பொதுவாக்கினார்கள். சொத்துரிமையை மதித்து, விலை கொடுத்து வாங்கிப் பொதுவாக்குவதே முறையான வழி. தேவைப்படும்போது அரசும் இவ்வாறு வாங்கலாம்.

பூட்டிய பெட்டியின் ஆபத்து

2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு வீழ்ந்து 346 பேர் மாண்டனர். 2019 மே மாதத்தில் போயிங் நிறுவனம், இவ்விமானத்துக்கான சிமுலேட்டரின் மென்பொருள் சில நிலைமைகளைச் சரிவர நிகழ்த்திக் காட்ட இயலாதிருந்தது என்று ஒப்புக்கொண்டு அதைத் திருத்தியது. விமானத்தின் வால்பகுதியைச் சமன்செய்யும் சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டிவரும் நிலை அவற்றுள் ஒன்று. பயிற்சியில் இலேசாகச் சுழலும் சக்கரம் வானில் அசைய மறுத்தால் விமானி என்ன செய்வார்?

நிரல் திறந்திருந்தால் அவ்விபத்துகள் நேர்ந்திரா என்று நான் சொல்லவில்லை. விபத்துக்குக் காரணம் விமானத்தின் அமைப்பில் இருந்தது. சிமுலேட்டரின் குறையோ பெரும்பாலும் உற்பத்தியாளர் தரும் அளவீடுகளைச் சார்ந்தது. நான் வலியுறுத்துவது, சரிபார்க்கும் உரிமையைப் பற்றி. பயிற்சிச் சாதனத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரி பெட்டியின் உள்ளே பார்க்க வல்லவராக இருக்க வேண்டும். அந்த அளவுக்குத் திறப்பது எந்த வணிகத்தையும் கெடுக்காது. அதற்கு அப்பால், ஒப்புதல் பெற்ற சாதனத்தின் நிரலை ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டால் ஒப்புதல் செல்லாது என்பதையும் திறமூல ஆதரவாளர்கள் நினைவில் வைக்க வேண்டும். படிக்கும் உரிமை வேறு, பயிற்சி அறையில் மாற்றும் உரிமை வேறு.

சட்டம் செய்த பேரம்

காப்புரிமை, அதாவது பேட்டண்ட், பெறுபவர் தம் கண்டுபிடிப்பின் விவரத்தை வெளியிட வேண்டும். கைம்மாறாகச் சமுதாயம் 20 ஆண்டுத் தனியுரிமை தருகிறது. நூலாசிரியருக்குப் பதிப்புரிமை தருகிறோம். நூலைப் படித்தாலே அதில் உள்ளது தெரிந்துவிடுகிறது. மென்பொருளுக்கோ நூலுக்குரிய பாதுகாப்பைக் கொடுத்தோம். ஆனால் வாங்கியவர் அதைப் படிக்க முடியாது. அமெரிக்கச் சட்டப்படி நிறுவனத்தின் படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 2006இல் வந்த சிமுலேட்டர் 2101 வரை பூட்டியிருக்கும். அதை இயக்கும் கணிப்பொறியே அன்று அருங்காட்சியகத்தில்தான் இருக்கும். சமுதாயம் விலையைக் கொடுத்துவிட்டது. சரக்கு கைக்கு வரவில்லை.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிடப்படும் நூலின் பிரதிகள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். பதிப்பகம் மூடினாலும் நூல் அழிவதில்லை. மென்பொருளின் மூல நிரலுக்கும் இத்தகைய ஒப்படைப்பு வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. உரிமையாளர் விற்பனையையும் திருத்தப் பணியையும் நிறுத்திக் குறித்த ஆண்டுகள் கழியும்வரை அது முத்திரையோடு இருக்கட்டும். மீண்டும் பயன்படுத்தப் போவதாக அவர் உறுதி சொன்னால் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால் நாம் எதிர்த்திசையில் ஓரடி வைத்திருக்கிறோம். மென்பொருளைப் பதிவுசெய்ய விரும்புவோர் மூல நிரலை அளிக்க வேண்டும் என்றிருந்த 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதி 2021இல் திருத்தப்பட்டு, முதல் 10 பக்கங்களும் கடைசி 10 பக்கங்களும் போதும் என்றாயிற்று. பதிவே கட்டாயமில்லை, அதிலும் இருபது பக்கம். பல லட்சம் வரிகள் கொண்ட ஒரு சிமுலேட்டரை இருபது பக்கத்திலிருந்து எவரும் உயிர்ப்பிக்க முடியாது.

அரசு செய்யத்தக்கது

சட்டம் மாறக் காலமாகும். கொள்முதல் ஒப்பந்தம் அலுவலர்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கொள்கை, மின் ஆளுமைப் பணிகளுக்கு மென்பொருள் வாங்கும்போது திறமூல மென்பொருளைக் கருத்தில் கொள்ளவும், அதை விலக்கினால் காரணம் கூறவும் சொல்கிறது. ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி போன்ற அரசுப் பயிற்சி நிலையங்களுக்குச் சிமுலேட்டர் வாங்கும்போதும் இதே மனப்பாங்கு வேண்டும். வணிக மென்பொருளையே வாங்குங்கள், தடையில்லை. ஆனால் மூல நிரலின் பிரதி மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், விற்றவர் பராமரிப்பை நிறுத்தினால் அது வாங்கியவர் கைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள்.

பொதுப் பணத்தை முடிந்த பொருளில் போடுவதைவிட அடித்தளத்தில் போடுவது மேல். பெங்களூர் தேசிய விண்ணூர்தி ஆய்வகம் ஆக்கிய ஹன்சா என்ற இரு இருக்கைப் பயிற்சி விமானம் மக்கள் வரிப்பணத்தில் உருவானது. அதன் ஹன்சா-3 வடிவம் 2000ஆம் ஆண்டில் தரச்சான்று பெற்றது. அதன் விசை அளவீடுகளை, எந்தத் திறமூல நிரலும் எடுத்துக்கொள்ளும் வடிவில், முறையாகச் சரிபார்த்து வெளியிடலாம். பன்னாட்டு உற்பத்தியாளரிடம் கேட்டுப் பெற முடியாததை நம் சொந்த விமானத்துக்கு நாமே செய்துகொள்ளலாம். பொறியியல் கல்லூரி மாணவன் ஒருவன் தன் அறையிலிருந்தே அந்த எண்களைச் சோதித்துப் பார்க்கலாம். பிழை இருந்தால் எழுதி அனுப்பலாம்.

ஒப்பந்தம் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 1997இல் டூம் என்ற புகழ்பெற்ற விளையாட்டின் மூல நிரலை அதன் நிறுவனம் மனமுவந்து வெளியிட முன்வந்தது. அப்போது, ஒலிக்கான பகுதி வேறொருவரிடம் உரிமம் பெற்றது என்பதால், பெரும்பாலோர் பயன்படுத்திய டாஸ் பதிப்பின் நிரலை வெளியிட இயலாமல், லினக்ஸ் பதிப்பின் நிரலையே வெளியிட்டார்கள். இன்றைய சிமுலேட்டரில் இத்தகைய இரவல் பகுதிகள் ஏராளம்: வானிலை, வரைபடம், ஒலி, கைப்பிடியின் இயக்கம் என்று பட்டியல் நீளும். விற்பவர் கடையை மூடும் நாளில் இவற்றின் உரிமையாளர்களைத் தேடிப் போக முடியாது. ஆகவே எந்தெந்தப் பகுதி எவருடையது, எதை நீக்கினாலும் மென்பொருள் இயங்கும், எதை நீக்கினால் இயங்காது என்ற விவரத்தை விலைப்புள்ளியோடு சேர்த்தே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அந்தப் பட்டியலும் புதுப்பிக்கப்பட வேண்டும். இனி உங்கள் கேள்விகளுக்கு இடம் விடுகிறேன்.